ஐரோப்பாவில் ஊதியத்தை முடிவு செய்வது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பிய நாடுகளின் குறைந்தபட்ச ஊதியத்தை மேலிருந்து கீழாக அடுக்கிப் பட்டியல் வெளியிடுவது தமிழ் நாளிதழ்களில் வழக்கமாகிவிட்டது. 2025 ஜனவரி நிலவரப்படி லக்சம்பர்க்கில் மாதம் 2,638 யூரோ, பல்கேரியாவில் 551 யூரோ என்று அந்தப் பட்டியல் போகும். எண்கள் சரியானவைதான். விலைவாசியைக் கணக்கில் எடுத்தால், மிகக் கூடிய நாட்டுக்கும் மிகக் குறைந்த நாட்டுக்கும் இடையிலான ஐந்து மடங்கு இடைவெளி இரண்டரை மடங்குக்கும் கீழே வந்துவிடும் என்பதையாவது சேர்த்துச் சொல்லலாம். அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. டென்மார்க், ஸ்வீடன், பின்லாந்து, ஆஸ்திரியா, இத்தாலி ஆகிய ஐந்து நாடுகளும் அந்தப் பட்டியலிலேயே இருக்காது. அங்கெல்லாம் நாடு முழுமைக்குமான குறைந்தபட்ச ஊதியச் சட்டமே கிடையாது. அப்படியிருந்தும் டென்மார்க்கில் ஓட்டல் சமையற்கட்டில் பாத்திரம் கழுவுபவரின் மணிக்கூலி ஐரோப்பாவிலேயே உயர்ந்த வரிசையில் இருக்கிறது. அதே சட்டம் இல்லாத இத்தாலியில், ரோமுக்குத் தெற்கே லத்தீனா மாவட்டத்துக் காய்கறித் தோட்டங்களில் பஞ்சாபிலிருந்து போன தொழிலாளர்கள் கங்காணிகளின் கையில் சிக்கி, ஒப்பந்தக் கூலியில் ஒரு பங்கை மட்டுமே பார்க்கிறார்கள்.

செவிலியர் வேலைக்கும், கணினி வேலைக்கும், படிப்புக்கும் தமிழ்நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கில் அங்கே போகும் இக்காலத்தில், ஊதியத்தை உண்மையில் எது முடிவு செய்கிறது என்பதைத் தங்கள் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அது கூட்டு ஒப்பந்தம்.

நம் தொழிற்சங்கத்தார் 18(1), 12(3) என்று எண்ணால் சொல்லிப் பழகியவர்கள். 2025 நவம்பர் வரை நடப்பிலிருந்த தொழில் தகராறு சட்டப்படி 18(1) ஒப்பந்தம் கையெழுத்திட்ட தரப்பினரை மட்டும் கட்டுப்படுத்தியது. தொழிலாளர் துறை அதிகாரி முன்னிலையில் போடும் 12(3) ஒப்பந்தம் அந்த ஆலையின் எல்லாத் தொழிலாளர்களையும் கட்டுப்படுத்தியது. ஐரோப்பாவின் பல நாடுகளில் ஒப்பந்தம் ஆலையின் மதிலைத் தாண்டிப் போகிறது. உலோகத் தொழில், ஓட்டல் தொழில், துப்புரவு, கட்டுமானம் என்று ஒரு தொழில் முழுமைக்கும், சில இடங்களில் நாடு முழுமைக்கும், ஒரே ஒப்பந்தம். அதில் வேலைத்தன்மைக்கு ஏற்ற ஊதியப் படிநிலைகள், வார வேலை நேரம், மிகைநேரக் கூலி, இரவுப் படி, விடுப்பு, பதின்மூன்றாம் மாதச் சம்பளம் (ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் கூடுதல்) எல்லாம் அடங்கும். சட்டம் சொல்லும் குறைந்தபட்சம் இந்த ஏணிக்குக் கீழே இருக்கும் தரை மட்டுமே.

இந்த ஒப்பந்தம் எத்தனை பேரை எட்டுகிறது என்பதும், எந்த வழியில் எட்டுகிறது என்பதும் நாட்டுக்கு நாடு மாறும். ஆஸ்திரியாவில் தனியார் நிறுவனங்கள் பொருளாதார மன்றத்தில் உறுப்பினராக இருப்பது சட்டக் கட்டாயம். அந்த மன்றம் கையெழுத்திட்டால் அத்தொழிலின் எல்லா முதலாளிகளும் கட்டுப்படுவார்கள். நூற்றுக்கு 98 தொழிலாளர் ஒப்பந்தத்துக்குள் வருவது அதனால்தான். பிரான்சில் பத்துப் பேரில் ஒருவர்தான் சங்க உறுப்பினர். ஆனால் தொழிலாளர் அமைச்சகம் ஒப்பந்தத்தை அத்தொழில் முழுமைக்கும் நீட்டித்து ஆணை போட்டுவிடுவதால் அங்கும் ஏறத்தாழ எல்லாரும் உள்ளே வந்துவிடுகிறார்கள். சங்க உறுப்பினர் எண்ணிக்கையை மட்டும் பார்த்து 'பிரான்சில் சங்கங்கள் செத்துவிட்டன' என்று எழுதுபவர்கள் இந்த ஆணையைக் கணக்கில் எடுப்பதில்லை.

இத்தாலியில் அரசியல் சட்டத்தின் 36-ஆம் பிரிவு, தொழிலாளியும் குடும்பமும் கண்ணியமாக வாழப் போதுமான கூலிக்கு உரிமை தருகிறது. எது போதுமானது என்று தீர்மானிக்க நீதிமன்றங்கள் அந்தந்தத் தொழிலின் தேசிய ஒப்பந்தத்தையே அளவுகோலாக எடுத்துக்கொள்கின்றன. ஏட்டளவில் நல்ல ஏற்பாடு. ஆனால் பதிவான தேசிய ஒப்பந்தங்கள் ஆயிரம் அளவுக்குப் பெருகிவிட்டன. பெயருக்கு ஒரு சங்கமும் பெயருக்கு ஒரு முதலாளிகள் அமைப்பும் சேர்ந்து, பெரிய சங்கங்களின் ஒப்பந்தத்தைவிடக் குறைந்த கூலிக்குக் கையெழுத்திடுகின்றன. அங்குள்ளோர் இவற்றைக் 'கொள்ளையர் ஒப்பந்தங்கள்' என்கிறார்கள். தோட்டங்களில் நிலைமை இன்னும் மோசம். கங்காணி முறையை ஒழிக்க 2016-இல் 199-ஆம் எண் சட்டம் வந்து முதலாளியையும் குற்றவாளியாக்கியது. ஆனாலும் 2024 ஜூனில் அதே லத்தீனாவில், இயந்திரத்தில் கை துண்டான ஓர் இந்தியத் தொழிலாளியை மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் அவர் வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போனார்கள். அவர் இறந்துபோனார். சட்டம் இருந்தது. வயலுக்குப் போய்ப் பார்க்கும் ஆய்வாளர்கள் போதவில்லை. வதிவிட அனுமதி இல்லாதவர்கள் புகார் கொடுக்க அஞ்சினார்கள். இந்த இரண்டும் மாறாதவரை எந்தப் பட்டியலும் அந்த வயல்களில் செல்லாது.

டென்மார்க்கிலும் ஸ்வீடனிலும் அரசு இப்படி ஆணை போட்டு நீட்டிப்பது கிடையாது. அங்கே வலிமை சங்கத்தின் உறுப்பினர் பலத்திலிருந்து வருகிறது. மூன்றில் இரண்டு பங்கு தொழிலாளர்கள் சங்கத்தில் இருக்கிறார்கள். அதற்கு வேலையில்லாக் காலக் காப்பீடு ஒரு முக்கியக் காரணம். அந்த நிதியைச் சங்கங்களோடு இணைந்த அமைப்புகளே நடத்துகின்றன. ஸ்வீடன் அரசு 2007-இல் அந்த நிதிக்கான சந்தாவைக் கடுமையாக உயர்த்தியபோது இரண்டே ஆண்டுகளில் சங்க உறுப்பினர் விகிதம் 77-லிருந்து 71-ஆகச் சரிந்தது.

இன்னொரு காரணம் ஆதரவு வேலைநிறுத்த உரிமை. மெக்டொனால்ட்ஸ் 1981-இல் டென்மார்க்கில் கடை திறந்தபோது ஓட்டல் தொழில் ஒப்பந்தத்தில் சேர மறுத்தது. சட்டப்படி சேரக் கட்டாயம் இல்லை. பல ஆண்டு இழுபறிக்குப் பின், 1988 கடைசியிலும் 1989 தொடக்கத்திலும் பிற தொழில்களின் சங்கங்கள் களத்தில் இறங்கின. துறைமுகத் தொழிலாளர்கள் அந்நிறுவனத்தின் சரக்குப் பெட்டகங்களைத் தொடவில்லை. அச்சுத் தொழிலாளர்கள் அதன் கோப்பைகளையும் உறைகளையும் அச்சிடவில்லை. கட்டுமானத் தொழிலாளர்கள் புதுக்கடை கட்டவில்லை, லாரி ஓட்டுநர்கள் சரக்குக் கொண்டுபோகவில்லை. நிறுவனம் ஒப்பந்தத்துக்கு வந்தது. ஸ்வீடனில் டெஸ்லா நிறுவனத்தின் பழுதுபார்ப்புக் கூடங்களில் உலோகத் தொழிலாளர் சங்கம் 2023 அக்டோபர் 27 அன்று தொடங்கிய போராட்டமும் இதே வகைதான். அஞ்சல் ஊழியர்கள் புது வண்டிகளின் எண் பலகைகளைக் கொண்டுசேர்க்க மறுத்தார்கள். மின்பணியாளர்கள் மின்னேற்று நிலையங்களின் பராமரிப்பை நிறுத்தினார்கள். டென்மார்க், நார்வே, பின்லாந்துச் சங்கங்களும் சேர்ந்துகொண்டன. அங்கே கேட்கப்பட்டது கூலி உயர்வு அல்ல, ஒப்பந்தத்தில் ஒரு கையெழுத்து. இதே ஆதரவு வேலைநிறுத்தம் பிரிட்டனில் 1990 முதல் சட்டவிரோதம். ஒரே கண்டம் என்பதால் ஒரே உரிமை இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

பிரான்சில் வேலைநிறுத்தம் தனிமனிதரின் அரசியல் சட்ட உரிமை. தனியார் துறையில் இரண்டு பேர் கோரிக்கையோடு வேலையை நிறுத்தினாலே அது வேலைநிறுத்தம். பொதுத்துறையில் மட்டும் 5 நாள் முன்னறிவிப்பு தேவை. ஜெர்மனியிலோ சங்கம் அழைத்தால்தான் வேலைநிறுத்தம். அதுவும் ஒப்பந்தம் காலாவதியான பிறகுதான், ஒப்பந்தத்தில் எழுதக்கூடிய கோரிக்கைக்குத்தான். 'பிரான்சில் செய்தார்களே' என்று ஜெர்மன் தொழிற்சாலையில் நாலைந்து பேர் தாமாக வேலையை நிறுத்தினால், வேலை போவதற்கான காரணத்தை அவர்களே எழுதிக் கொடுத்தது போலாகும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2022 அக்டோபரில் போதுமான குறைந்தபட்ச ஊதியம் குறித்த நெறிமுறையை, அதாவது உறுப்பு நாடுகள் தம் சட்டத்தில் கொண்டுவர வேண்டிய விதியை, நிறைவேற்றியது. எல்லா ஊதியங்களையும் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் ஊதியத்தில் 60 விழுக்காடு, அல்லது சராசரி ஊதியத்தில் 50 விழுக்காடு என்பதை அது அளவுகோலாகச் சுட்டுகிறது. கட்டாயம் என்று சொல்லவில்லை. என் பார்வையில் அந்த நெறிமுறையின் முக்கியமான பகுதி வேறு. கூட்டு ஒப்பந்தத்துக்குள் 80 விழுக்காட்டுக்கும் குறைவான தொழிலாளர்களே இருக்கும் நாடுகள் அதை உயர்த்த ஒரு செயல்திட்டம் வகுக்க வேண்டும் என்கிறதே, அதுதான். டென்மார்க் இந்த நெறிமுறையை எதிர்த்து 2023 ஜனவரியில் ஒன்றிய நீதிமன்றத்துக்குப் போனது. ஸ்வீடன் துணை நின்றது. கூலி அதிகமாக இருக்கும் நாடுகள் ஏன் எதிர்க்க வேண்டும் என்று பலர் வியந்தார்கள். சட்டம் ஓர் எண்ணை எழுதிவிட்டால் முதலாளிகள் 'சட்டம் கேட்டதைக் கொடுத்துவிட்டோம்' என்று ஒப்பந்தத்தைவிட்டு வெளியேறுவார்கள் என்ற அச்சம் அங்குள்ள சங்கங்களுக்கு உண்டு. 2025 நவம்பர் 11 அன்று தீர்ப்பு வந்தது. ஊதியத்தை நிர்ணயிக்கும் அடிப்படைகளைப் பட்டியலிட்ட பகுதியும், தானியங்கி உயர்வு முறையில் ஊதியம் இறங்கக் கூடாது என்ற பகுதியும் மட்டும் நீக்கப்பட்டன. மற்றவை நிலைத்தன.

ஜெர்மனியைப் பற்றி விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. நம் மக்கள் ஏராளமாகப் போவதும் அங்கே, தவறான நம்பிக்கையோடு போவதும் அங்கே. அந்நாட்டில் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் 2015 ஜனவரியில்தான் வந்தது, மணிக்கு 8.50 யூரோவாக. 2022 அக்டோபரில் 12 யூரோ, 2025 ஜனவரியில் 12.82, 2026 ஜனவரியில் 13.90 என உயர்ந்தது. 2027 ஜனவரிக்கு 14.60 என அறிவிக்கப்பட்டிருக்கிறது. இந்த உயர்வைப் பாராட்டும்போதே அதன் பின்னணியையும் பார்க்க வேண்டும். கூட்டு ஒப்பந்தத்துக்குள் இருக்கும் தொழிலாளர்கள் 1990-களில் நான்கில் மூவர் அளவுக்கு இருந்து, இப்போது பாதியாகிவிட்டார்கள். முதலாளிகள் சங்கங்களே 'ஒப்பந்தக் கட்டுப்பாடு இல்லாத உறுப்பினர்' என்ற வகையை உண்டாக்கி வெளியேற வழி செய்துகொடுத்தன. அடுத்தடுத்த இரு தொழிற்சாலைகளில் ஒரே வேலை செய்யும் இருவரில் ஒருவருக்கு வாரம் 35 மணி நேரமும் விடுமுறைப் படியும் கிடைக்க, மற்றவருக்கு 40 மணி நேரமும் சட்டத்தின் அடிமட்டக் கூலியும் கிடைப்பது இதனால்தான்.

ஜெர்மன் வேலை ஒப்பந்தத்தில் முதலில் தேட வேண்டிய சொல் 'தாரிஃப்ஃபெர்ட்ராக்', அதாவது கூட்டு ஒப்பந்தம். எந்த ஒப்பந்தம் பொருந்தும் என்று பெயர் சொல்லியிருக்கிறதா, எந்த ஊதியப் படியில் வைத்திருக்கிறார்கள், வாரம் எத்தனை மணி நேரம் என்ற மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். மாதச் சம்பளத்தை மட்டும் பார்த்து மகிழக் கூடாது. வார நேரத்தை 52-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் மாத நேரம் வரும். 40 மணி நேர வாரத்துக்கு 173.3 மணி. 13.90 யூரோவால் பெருக்கினால் ஏறத்தாழ 2,409 யூரோ. வாரம் 40 மணி நேர வேலைக்கு இதற்குக் கீழே எழுதியிருந்தால் அது சட்டமீறல். இதில் சமூகக் காப்பீட்டுக்கு மட்டும் ஐந்தில் ஒரு பங்கு போகும், வருமான வரி தனி.

செவிலியர்களுக்கு அடிமட்டம் வேறு. முதியோர் இல்லங்களிலும் வீட்டுப் பராமரிப்பு நிறுவனங்களிலும் 2025 ஜூலை 1-இல் அமலான அளவின்படி, பயிற்சியற்ற உதவியாளருக்கு மணிக்கு 16.10 யூரோ, ஓராண்டுப் பயிற்சி பெற்ற உதவியாளருக்கு 17.35, தகுதி ஏற்கப்பட்ட செவிலியருக்கு 20.50. நம் ஊரில் நான்கு ஆண்டு பி.எஸ்சி. படித்துவிட்டுப் போகும் பெண், அங்கே தகுதி அங்கீகாரம் கைக்கு வரும்வரை உதவியாளர்தான். 39 மணி நேர வாரத்தில் மாதம் 169 மணி. மணிக்கு 4.40 யூரோ வித்தியாசம் என்றால் மாதம் 740 யூரோவுக்கு மேல் இழப்பு. அங்கீகாரம் எதனால் தாமதமாகிறது? பெரும்பாலும் கல்லூரிச் சான்றிதழால். ஒவ்வொரு பாடத்துக்கும் எத்தனை மணி நேரம் வகுப்பு, எத்தனை மணி நேரம் மருத்துவமனைப் பயிற்சி என்று தனித்தனியாகக் காட்டும் பட்டியலை அங்குள்ள அதிகாரிகள் கேட்பார்கள். மதிப்பெண் பட்டியல் மட்டும் போதாது. அது இல்லாவிட்டால் குறை அறிவிப்பு வரும். பிறகு அறிவுத் தேர்வில் தேற வேண்டும் அல்லது மாதக்கணக்கில் ஈடுசெய்யும் பயிற்சிக்குப் போக வேண்டும். கல்லூரி முத்திரையோடு மணி நேரப் பட்டியலை ஊரிலிருந்தே வாங்கிக்கொண்டு போவது நல்ல வழி.

மொழிப் பயிற்சிச் செலவைத் திருப்பித் தரும் நிபந்தனை இன்னொரு வலை. இரண்டு மூன்று ஆண்டுக்குள் வேலையை விட்டால் பல ஆயிரம் யூரோ கட்ட வேண்டும் என்று எழுதி வாங்குகிறார்கள். பயந்துபோய்ப் பல பெண்கள் மோசமான இடங்களிலும் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறார்கள். எந்தக் காரணத்துக்காக விட்டாலும் கட்ட வேண்டும் என்று பொத்தாம்பொதுவாக எழுதிய நிபந்தனை செல்லாது என்பது ஜெர்மன் தொழிலாளர் நீதிமன்றங்களின் நிலைப்பாடு. முதலாளியின் தவறால் விலக நேர்ந்தால் விலக்கு இருக்க வேண்டும், வேலை செய்த மாதங்களுக்கு ஏற்பத் தொகை குறைந்துகொண்டே வர வேண்டும். இல்லாவிட்டால் நிபந்தனை முழுதும் விழும். நீதிபதி அதைத் திருத்தி மிச்சத்தைக் காப்பாற்றித் தரமாட்டார்.

ஜெர்மன் நிறுவனங்களில் 'தொழிலாளர் மன்றம்' என்ற அமைப்பு உண்டு. அதை நம் சட்டத்தின் பணிக்குழுவோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இந்தியாவில் பணிக்குழுவில் நிர்வாகத்தின் ஆட்களும் உட்கார்ந்திருப்பார்கள். ஜெர்மனியில் ஐந்து பேர் வேலை செய்யும் இடத்திலேயே தொழிலாளர்கள் தங்களுக்குள் வாக்களித்து மன்றத்தைத் தேர்ந்தெடுக்கலாம். நிர்வாகத்துக்கு அதில் இடமில்லை. கூலியைப் பேரம் பேசுவதும் வேலைநிறுத்தமும் சங்கத்தின் வேலை, மன்றத்தின் வேலை அல்ல. ஆனால் மன்றத்தைக் கேட்காமல் ஒருவரை வேலையைவிட்டு நீக்கினால் அந்த நீக்கம் செல்லாது. இருபது பேருக்கு மேல் உள்ள நிறுவனத்தில் ஒருவரை எந்த ஊதியப் படியில் வைப்பது என்பதற்கும் மன்றத்தின் ஒப்புதல் வேண்டும். புதிதாகப் போகும் பொறியாளர்கள் பலர் இதை ஏதோ நலச்சங்கம் என்று நினைத்து எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. 2,000 பேருக்கு மேல் உள்ள நிறுவனங்களின் மேற்பார்வைக் குழுவில் 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதி இடங்கள் தொழிலாளர் தரப்புக்கு உரியவை. ஃபோக்ஸ்வாகன் ஆலைகளை மூடும் திட்டம் 2024 டிசம்பரில் பேச்சுவார்த்தையில் கைவிடப்பட்டதற்கு அந்த இடங்களின் பலமும் ஒரு காரணம். அதற்கு விலையாக 2030-க்குள் 35,000 பணியிடங்களைக் குறைக்க இரு தரப்பும் ஒப்புக்கொண்டன என்பதையும் மறைக்கக் கூடாது.

இத்தனை பாதுகாப்பும் நேரடி வேலையாளுக்கு. துணை ஒப்பந்தக்காரரின் கீழ் வேலை செய்பவருக்கு நிலைமை வேறு. ஜெர்மனியின் ரீடா-வீடன்புரூக் நகர இறைச்சி ஆலையில் 2020 ஜூனில் ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்களுக்குக் கொரோனா பரவியபோதுதான் நாடு விழித்துப் பார்த்தது. வெட்டும் பட்டறையில் நின்றவர்கள் பெரும்பாலும் ருமேனியர்கள், பல்கேரியர்கள், போலந்துக்காரர்கள். ஆலை அவர்களுக்கு முதலாளி அல்ல. துணை ஒப்பந்தக்காரர் கூலி கொடுத்து, அதிலிருந்தே நெரிசலான அறைக்கு வாடகையும் வண்டிக் கட்டணமும் பிடித்துக்கொண்டார். 2021 ஜனவரி 1 முதல் இறைச்சித் தொழிலின் மையப் பணிகளில் துணை ஒப்பந்தம் தடை செய்யப்பட்டது. ஏப்ரலிலிருந்து முகவர்வழித் தற்காலிக ஆட்களுக்கும் கடுமையான கட்டுப்பாடு வந்தது. பல்லாண்டாக 'முடியாது, தொழில் அழிந்துவிடும்' என்று சொல்லப்பட்டது ஒரே சட்டத்தில் நடந்தது. தொழில் அழியவில்லை. கட்டுமானத்துக்கும் பொட்டலம் கொண்டுசேர்க்கும் தொழிலுக்கும் அதே தடையை நீட்டிக்காமல் விட்டிருப்பதை நான் பெருங்குறையாகக் கருதுகிறேன்.

லாரி ஓட்டுநர்கள் கதை இன்னும் கூர்மையானது. 2023 மார்ச் கடைசியில் டார்ம்ஸ்டாட் அருகே கிராஃபன்ஹவுசன் நெடுஞ்சாலை நிறுத்தத்தில், ஜார்ஜியாவிலிருந்தும் உஸ்பெகிஸ்தானிலிருந்தும் வந்த ஓட்டுநர்கள் வண்டிகளை நிறுத்திவிட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டார்கள். முதலாளி போலந்து நிறுவனம், சரக்கு மேற்கு ஐரோப்பியக் கம்பெனிகளுடையது, ஓடிய சாலை ஜெர்மனியுடையது. மாதக்கணக்கில் கூலி பாக்கி. அவர்கள் எந்த நாட்டுச் சங்கத்திலும் உறுப்பினர்கள் அல்ல. புனித வெள்ளியன்று முதலாளி தனியார் பாதுகாப்புப் படையோடு வந்து வண்டிகளைப் பிடுங்கப் பார்த்தார். காவல்துறை தடுத்தது. வாரக்கணக்கில் நின்ற பிறகு ஏறத்தாழ மூன்று லட்சம் யூரோ பாக்கி கைக்கு வந்தது. வெற்றிக்குக் காரணம் அவர்கள் உறுதி மட்டுமல்ல. சரக்கு அனுப்பிய பெரிய கம்பெனிகள், அந்த ஆண்டு ஜனவரியில் அமலுக்கு வந்த விநியோகச் சங்கிலிச் சட்டத்தின்கீழ் பதில் சொல்ல வேண்டியிருந்தது. தாமதமான சரக்குக்காக அவை கொடுத்த அழுத்தமும் சேர்ந்துகொண்டது. துணை ஒப்பந்தச் சங்கிலியில் மாட்டிக்கொண்டவர் கூலியைக் கேட்க வேண்டிய இடம் சங்கிலியின் மேல்முனை. ஜெர்மன் சட்டப்படி, வேலையைத் துணை ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைத்த நிறுவனம் அவர் கொடுக்காமல் விட்ட குறைந்தபட்சக் கூலிக்குப் பொறுப்பு. பெர்லினில் உணவு கொண்டுசேர்க்கும் இந்திய மாணவர்கள் பலருக்கு இந்த வழி தெரியாது.

ஈழத்தமிழர்கள் அதிகம் வேலை செய்யும் இரு நாடுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுவிட்சர்லாந்தில் ஓட்டல் தொழில் ஒப்பந்தத்தை அரசு எல்லாருக்கும் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆண்டு முழுதும் நடக்கும் வழக்கமான உணவகத்தில் வாரம் 42 மணி நேரம், ஐந்து வார விடுப்பு, பதின்மூன்றாம் மாதச் சம்பளம். ஜெனீவா மாநிலத்தில் 2020 செப்டம்பர் வாக்கெடுப்பில் மக்களே குறைந்தபட்சக் கூலியைக் கொண்டுவந்தார்கள். 2025-இல் அது மணிக்கு 24.48 பிராங்க். பாரிஸ் உணவகங்களில் சட்ட வாரம் 35 மணி நேரம் என்றாலும் தொழில் ஒப்பந்தப்படி 39 மணி நேரம் எழுதுவது வழக்கம். அப்படியானால் 36 முதல் 39 வரையான மணிகளுக்கு 10 விழுக்காடும், 40 முதல் 43 வரை 20 விழுக்காடும், அதற்கு மேல் 50 விழுக்காடும் கூடுதலாகத் தர வேண்டும். சம்பளச் சீட்டில் இவை தனி வரிகளாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒரே மொத்தத் தொகையாகப் போட்டிருந்தால் மிகைநேரக் கூலி விழுங்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

கூட்டு ஒப்பந்தத்தை இவ்வளவு புகழ்ந்தபின் அதன் காயத்தையும் சொல்லியாக வேண்டும். பெண்களின் கூலி விஷயத்தில் ஒப்பந்தமே தடையாக நின்ற வரலாறு உண்டு. டென்மார்க்கில் 1969-இல் அரசுப் பணியாளர் சம்பளச் சீர்திருத்தம் நடந்தபோது செவிலியர் முதலான பெண்கள் மிகுந்த பணிகள் கீழ்ப் படிகளில் வைக்கப்பட்டன. அதன்பின் வந்த ஒப்பந்தங்கள் பெரும்பாலும் எல்லாருக்கும் ஒரே விழுக்காடு உயர்வு கொடுத்தன. விழுக்காடு சமமாக இருந்தால் இடைவெளி மூடாது, அப்படியே உறைந்துபோகும். 2021 கோடையில் செவிலியர்கள் வாரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டு அதை முடித்துவைத்தது. 2023 டிசம்பரில்தான் முத்தரப்பு உடன்பாட்டில் குறிப்பிட்ட பொதுத்துறைப் பணிகளுக்கென 6.8 பில்லியன் குரோனர் தனியாக ஒதுக்கப்பட்டது. ஸ்வீடனிலும் ஏற்றுமதித் தொழில் பேசி முடிக்கும் உயர்வே மற்ற எல்லாத் தொழிலுக்கும் வரம்பாகிறது. 2025-இல் அது இரண்டு ஆண்டுக்கு 6.4 விழுக்காடு. ஆண்கள் மிகுந்த ஆலை பிடித்த வேகத்தில் பெண்கள் மிகுந்த மருத்துவமனையும் நடக்க வேண்டும் என்றால் பின்தங்கியவர் எப்போது எட்டிப்பிடிப்பார்?

பிரிட்டனின் பர்மிங்காம் மாநகராட்சி இதற்கு நீதிமன்றத்தில் விலை கொடுத்தது. ஒரே படியில் இருந்த குப்பை அள்ளும் ஆண்களுக்கு ஊக்கத்தொகை கொடுத்துவிட்டு, சமையல், துப்புரவு, பராமரிப்புப் பணிப் பெண்களுக்கு மறுத்தது. வழக்குகளில் தோற்று நூறு கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்தும் தீரவில்லை. 2023 செப்டம்பரில் புதுச் செலவுகளை நிறுத்தி, கையிருப்பு போதாது என்று அறிவித்தது. பெண்களின் கூலியை மறுப்பது சேமிப்பு அல்ல, பின்னால் வட்டியோடு வரும் கடன் என்று நம் நாட்டு மாநகராட்சிகளுக்கும் சொல்லலாம்.

ஆண்-பெண் ஊதிய இடைவெளி குறித்துத் தங்கள் நாளிதழ் எண் வெளியிடும்போது ஒரு விளக்கம் சேர்க்க வேண்டுகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் சராசரி 2023-இல் 12 விழுக்காடு. இத்தாலியின் எண் அதைவிட மிகக் குறைவு. அதனால் இத்தாலியப் பெண்கள் சமமாக நடத்தப்படுகிறார்கள் என்று பொருளில்லை. அந்த எண் வேலையில் இருப்பவர்களின் மணிக்கூலியை மட்டும் ஒப்பிடுகிறது. பத்துப் பேருக்குக் குறைவான நிறுவனங்கள் கணக்கில் இல்லை. குறைந்த கூலி கிடைக்கக்கூடிய பெண்கள் வேலைக்கே போகாத நாட்டில் இடைவெளி சிறியதாகத் தெரியும். பெண்கள் பெருமளவில் வேலைக்குப் போகும் நாட்டில் பெரியதாகத் தெரியும்.

இதில் உண்மையான மாற்றத்தைத் தரக்கூடியது 2023-இல் வந்த ஊதிய வெளிப்படைத்தன்மை நெறிமுறை. உறுப்பு நாடுகள் சட்டமாக்க வேண்டிய கெடு 2026 ஜூன் 7. அதன்படி, நேர்காணலுக்கு முன்பே ஊதிய வரம்பைச் சொல்ல வேண்டும். பழைய இடத்தில் எவ்வளவு வாங்கினீர்கள் என்று கேட்கக் கூடாது. இந்தியாவிலிருந்து போகும் பொறியாளருக்கு இந்த விதி பொன்னானது, ஏனெனில் சென்னைச் சம்பளத்தை அடிப்படையாக வைத்துத்தான் அவருக்குக் குறைத்துப் பேசுவார்கள். ஒரே மதிப்புள்ள வேலை செய்யும் ஆண், பெண் சராசரி ஊதியத்தை எழுத்தில் கேட்டுப் பெறலாம். சம்பளத்தை வெளியே சொல்லக் கூடாது என்ற நிபந்தனை செல்லாது. 150 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் 2027 ஜூன் முதல் இடைவெளியை அறிக்கையாகத் தர வேண்டும். ஒரு பணிப்பிரிவில் 5 விழுக்காடோ அதற்கு மேலோ இடைவெளி இருந்து, காரணமும் சொல்ல முடியாமல், ஆறு மாதத்தில் சரிசெய்யவும் இல்லையென்றால் தொழிலாளர் பிரதிநிதிகளோடு உட்கார்ந்து ஊதிய ஆய்வு செய்தாக வேண்டும். பாகுபாட்டைத் தொழிலாளி முகாந்திரத்தோடு காட்டினால் போதும், அது பாகுபாடு இல்லை என்று நிறுவுவது முதலாளியின் வேலை.

கடைசியாக, காலக்கெடுக்கள். உரிமை இருந்தும் பணத்தை இழப்பவர்கள் பெரும்பாலும் நாள் கடந்து வருபவர்கள். ஜெர்மனியில் வேலைநீக்கத்தை எதிர்த்து மூன்று வாரத்துக்குள் தொழிலாளர் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். தாளில் மையால் கையெழுத்திட்ட கடிதமாக வந்தால்தான் நீக்கம் செல்லும். வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ வந்தது செல்லாது, ஆனாலும் அதைப் பத்திரப்படுத்த வேண்டும். 'இருவரும் மனமொத்துப் பிரிகிறோம்' என்ற தாளை நீட்டினால் அன்றே கையெழுத்திடக் கூடாது. கையெழுத்திட்டால் வேலையில்லாக் காலப் பணம் 12 வாரம்வரை நிறுத்தப்படலாம். பாக்கிக் கூலியை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கேட்காவிட்டால் உரிமை போகும் என்ற நிபந்தனை பல ஒப்பந்தங்களில் உண்டு. சட்டக் குறைந்தபட்சக் கூலியை மட்டும் அந்த நிபந்தனையால் பறிக்க முடியாது. குறைந்தபட்சக் கூலி மீறலை அங்கே விசாரிப்பது சுங்கத் துறை. தினமும் தொடங்கிய நேரம், முடித்த நேரம், இடைவேளை ஆகியவற்றைத் தன் கைப்படக் குறித்துவைத்தவருக்குத்தான் அங்கே வழக்கு நிற்கும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்களுக்கு 'ஃபேரே இன்டெக்ராட்சியோன்' (Faire Integration) என்ற ஆலோசனை அமைப்பு கட்டணமின்றி உதவுகிறது. 2026 தொடக்கத்திலிருந்து, வெளிநாட்டிலிருந்து நேராக ஆள் எடுக்கும் ஜெர்மன் முதலாளி இதைப் பற்றி முதல் வேலைநாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அயல்நாட்டு வேலைவாய்ப்பு விளம்பரங்களையும் ஆள்சேர்ப்பு முகாம் செய்திகளையும் வெளியிடும்போது, சம்பளத் தொகையோடு நான்கு விவரங்களைக் கேட்டு வாங்கி அச்சிடுங்கள்: பொருந்தும் கூட்டு ஒப்பந்தத்தின் பெயர், ஊதியப் படிநிலை, வார வேலை நேரம், வீட்டு வாடகைக்கும் மொழிப் பயிற்சிக்கும் பிடிக்கப்படும் தொகை. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் வெளியிடும் அறிவிப்புகளிலும் இவை இடம்பெற வேண்டும். பதிவுபெற்ற முகவர் இந்திய விதிப்படி வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் ரூ.30,000, வரி தனி. அதையும் அதே பத்தியில் போடுங்கள். இவற்றைத் தர மறுக்கும் விளம்பரதாரரின் விளம்பரத்தை ஏற்காதீர்கள்.

இப்படிக்கு,
தொழிலாளர் உரிமை ஆலோசகர் ஒருவர்,
கொலோன், ஜெர்மனி